அலமாரியில் ஒரு தாலந்து



இன்றைய நற்செய்தியில் தலைவர் ஒருவர் ஊருக்குப் போகுமுன் மூன்று பணியாளரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறார். மூன்றாமவர் தம்முடையதை மண்ணில் புதைத்துவைக்கிறார். அதைக் கேட்டபோது, ஒரு தாலந்து என்றால் எவ்வளவு பணம் என்று யாராவது மனக்கணக்குப் போட்டீர்களா? நான் நேற்று இரவு போட்டேன். மழைக்குக் கரண்டு போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு. ஒரு தாலந்து என்பது 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் அந்த நாளில் கூலியாள் ஒருவரின் ஒருநாள் சம்பளம். நம் வசதிக்கு ஒருநாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். (500 ரூபாய்க்கு இன்றைக்கு யார் சாமி வருகிறார்கள் என்று பின்வரிசையில் முனகுவது காதில் விழுகிறது. கணக்குக்காகத்தான் சொல்கிறேன்.) அப்படிப் பார்த்தால் ஒரு தாலந்து 30 லட்சம் ரூபாய். இரண்டு தாலந்து வாங்கியவர் கையில் 60 லட்சம். ஐந்து வாங்கியவர் கையில் ஒன்றரைக் கோடி.

‘எனக்குக் கடவுள் ஒரே ஒரு தாலந்துதான் கொடுத்தார்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நம் பங்கில் நிறைய இருக்கிறீர்கள். அந்த ஒன்று 30 லட்சம் என்பதை இன்று வீட்டுக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வருட உழைப்பின் கூலி. இந்த உவமையில் வெறுங்கையோடு நின்றவர் ஒருவருமே இல்லை.

இன்னொன்று. தாலந்து முதலில் நாணயமே அல்ல, எடை. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தராசு என்றுதான் பழைய பொருள். ஒரு தாலந்து வெள்ளி முப்பது கிலோவுக்கு மேல் வரும். அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தக் கனத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போய், ஆள் பார்க்காத இடம் தேடி, குழி வெட்டி, உள்ளே இறக்கி, மண் தள்ளி, மேலே தடம் தெரியாமல் நிரவுவது லேசுப்பட்ட வேலையா? அந்த மூன்றாம் ஆளைச் சோம்பேறி என்று தலைவர் கடிந்துகொள்கிறார். ஆனால் அந்த ஒருநாள் மட்டும் அவர் சோம்பேறியாக இருக்கவில்லை. புதைப்பதற்கு வியர்வை சிந்தியிருக்கிறார். எனக்கு இந்த இடம்தான் உறுத்தியது. கொடுத்ததைப் பயன்படுத்த ஆகும் உழைப்பைவிட, அதை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைக்க ஆகும் உழைப்பு சில வாழ்க்கைகளில் பெரிது.

அவர் கெட்டவரும் அல்ல. ஊதாரி மைந்தனைப் போலச் சொத்தை அழிக்கவில்லை. குடிக்கவில்லை, சூதாடவில்லை, ஒரு காசு குறையாமல் திருப்பிக் கொடுத்தார். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் காப்பதற்கு மண்ணில் புதைப்பதே பத்திரமான வழி என்று யூத ரபிகளின் மரபும் சொல்கிறது. சட்டப்படி அவர் மீது வழக்கே நிற்காது. நம் ஊரில் இருந்திருந்தால் ‘தங்கமான பையன்’ என்று பெண் கொடுக்கப் போட்டி போட்டிருப்போம்.

பிறகு எங்கே தவறினார்? அவரே வாக்குமூலம் கொடுக்கிறார். தலைவர் கடுமையானவர் என்று நினைத்தேன், விதைக்காத இடத்தில் அறுப்பவர் என்று நினைத்தேன், பயந்தேன், புதைத்தேன் என்கிறார். மற்ற இருவரும் தலைவரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை, கவனித்தீர்களா? கொடுத்தார், வாங்கினார்கள், போனார்கள், தொழில் செய்தார்கள். 30 லட்சத்தை ஒரு பத்திரமும் எழுதி வாங்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன மனிதரைப் பார்த்து, கஞ்சன், கறாரானவர் என்று ஒருவர் முடிவுகட்டுகிறார் என்றால், பழுது அவர் கண்ணில் இருக்கிறது. கடவுளைப் பற்றிய படம் மனத்தில் கோணலாக விழுந்துவிட்டால், அவர் கொடுத்த கொடையும் கண்ணிவெடி மாதிரித்தான் தெரியும். தொடவே பயமாக இருக்கும்.

அந்தப் பயத்துக்கு நாம் ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறோம். தாழ்ச்சி.

‘எனக்கு என்ன சாமி தெரியும்?’ இந்த வாக்கியத்தை இந்தக் கோயில் வாசற்படியில் வாரத்துக்கு ஐந்து தடவையாவது கேட்கிறேன். (வாசற்படியில் கேட்டது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை இங்கே சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.) மீன் கூடையோடு ஆறு ஊர் நடக்கும் ஒரு அக்காவிடம், பங்குப் பேரவைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வருகிறீர்களா என்று கேட்டேன். எனக்கு என்ன சாமி தெரியும் என்றார். ஐம்பது வீட்டுக் கடன் பாக்கியை, யார் எந்த வெள்ளிக்கிழமை எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு நிற்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் தலைக்குள் வைத்திருப்பவர் அவர். கடற்கரையில் வலை காயப்போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கரையில் நம் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் நிற்கும் பனையையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தே கடலடியில் பார் எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது. அவரிடம் கேட்பார் இல்லை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்களேன் என்றேன். அவரும் அதையேதான் சொன்னார்.

தாழ்ச்சி என்பது உண்மை. நம்மிடம் இல்லாததை இருக்கிறது என்று சொல்லாதிருப்பது எவ்வளவு தாழ்ச்சியோ, இருப்பதை இல்லை என்று சொல்லாதிருப்பதும் அவ்வளவு தாழ்ச்சிதான். இரண்டாவதை நாங்கள், அதாவது அருட்பணியாளர்கள், உங்களுக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை.

அதைவிட மோசமாகச் சொல்லித்தந்தது ஆசையைப் பற்றி. ஆசை என்ற சொல்லை இந்தப் பீடத்திலிருந்து எடுத்தாலே அடுத்த சொல் பாவம் என்றுதான் வரும். துன்பத்துக்குக் காரணம் ஆசை என்ற சொல்லை விவிலிய வசனம் என்று நினைத்து என்னிடம் மேற்கோள் காட்டியவர்கள்கூட உண்டு. அது புத்தர் பெருமானின் போதனையாகச் சொல்லப்படுவது. அதற்குரிய ஆழமும் மரியாதையும் அதற்கு உண்டு. ஆனால் நம் மறைநூலில் தேடினால் கிடைக்காது. பத்துக் கட்டளையில் இருக்கிறதே என்பீர்கள். அங்கே தடுக்கப்பட்டிருப்பது பிறர் மனைவியை, பிறர் வீட்டை, பிறர் மாட்டை விரும்புவது. உன்னுடையதை விரும்பாதே என்று கட்டளை இல்லை. உண்மையில், தன்னுடையதை மனதார விரும்பத் தெரியாதவருக்குத்தான் அடுத்தவர் வீட்டு மதிலுக்கு மேல் கண் போகிறது.

யோவான் நற்செய்தியைத் திறந்து பாருங்கள். அதில் இயேசு வாய் திறந்து பேசும் முதல் பேச்சே ஒரு கேள்வி. பின்னால் வந்த இரண்டு பேரைத் திரும்பிப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். என்ன தெரியும் என்றோ எந்த ஊர் என்றோ கேட்கவில்லை. எரிகோ சாலையோரத்தில் பர்த்திமேயு கத்திக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். பார்வையற்றவருக்கு வேறு என்ன வேண்டியிருக்கும்? இயேசுவுக்குத் தெரியாதா? தெரிந்தும், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அந்த மனிதர் தன் ஆசையைத் தன் வாயாலேயே சொல்லும்வரை நின்றார். கடைசி இராவுணவில் சீடர்களோடு அமர்ந்தபோது, இந்தப் பாஸ்காவை உங்களோடு உண்ண எவ்வளவு ஏங்கினேன் என்று அவரே தம் ஆசையைச் சொல்கிறார். ஆண்டவரே ஆசைப்பட்டிருக்கிறார், நாம் அதைப் பார்த்து முகம் சுளிக்கலாமா?

சரி, எல்லா ஆசையும் கடவுள் கொடுத்ததா? இல்லை. அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒருவருடைய கதை நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்டது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1521 மே மாதம், பம்ப்ளோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு, அப்போது படைவீரராக இருந்த இஞ்ஞாசியாரின் கால் நொறுங்கியது. லொயோலாவில் வீட்டுக் கட்டிலில் மாதக்கணக்கில் கிடந்தார். பொழுது போக வீர சாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் அந்த மாதிரிப் புத்தகம் ஒன்றும் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. படுத்துக்கொண்டே இரண்டு விதமாகக் கனவு கண்டார். ஒன்று, ஒரு பெரிய இடத்துப் பெண்ணின் மனத்தைக் கவர என்னென்ன வீரச்செயல் செய்யலாம் என்று. மணிக்கணக்கில் ஓடும் அந்தக் கனவு. இன்னொன்று, பிரான்சிஸ் அசிசியாரைப் போல, தோமினிக்கைப் போல நான் செய்தால் என்ன என்று. இரண்டுமே கனவு காணும்போது இனித்தன. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் நிறைவு நின்றது. அவர் ஆசையை அடக்கவில்லை, விரட்டவில்லை. ஆசை போன பிறகு வாயில் என்ன ருசி நிற்கிறது என்று பார்த்தார். நாக்குக்கு இனித்து வயிற்றைக் கெடுப்பது ஒன்று, வயிற்றில் இறங்கி உடம்பில் ஊறுவது ஒன்று. வீட்டில் சமைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இஞ்ஞாசியார் பாரிஸில் படிக்கப் போன இடத்தில் அறைத்தோழராகக் கிடைத்தவர்தான் நம் சவேரியார். நவார் நாட்டுப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. படிப்பில் கெட்டி, பேராசிரியராகத் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார், பெரிய பதவியின் மீது கண். இஞ்ஞாசியார் அவரிடம் பெரிதாக ஆசைப்படாதே என்று சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீ ஆசைப்படுவது போதாது என்றுதான் சொல்லியிருப்பார். உலகமெல்லாம் கிடைத்தும் ஆன்மாவை இழந்தால் என்ன பயன் என்ற ஆண்டவரின் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பது மரபு. அந்தப் பேராசை அப்படியே இருந்தது. திசை மட்டும் மாறியது. 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அந்த ஆண்டே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

வந்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்த சிலரை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, விண்ணுலகத் தந்தையே, அருள்நிறை மரியே, பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தட்டுத்தடுமாறித் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணி. அதை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைச் சேர்த்தார். நோயாளிகள் இருந்த வீடுகளிலிருந்து அழைப்பு வந்தபடி இருந்தது. எல்லா இடத்துக்கும் ஓட முடியவில்லை. செபம் படித்த சிறுவர்களையே நோயாளிகளிடம் அனுப்பினார். பாரிஸில் அரிஸ்டாட்டில் நடத்திய மனிதர், நம் தாத்தாவுக்குத் தாத்தாக்கள் எதிரில் மழலை பேசிக்கொண்டு நின்றார். மொழி என்ற தாலந்து அவருக்குக் குறைவாகத்தான் கிடைத்தது. அதற்காகப் புதைத்துவைக்கவில்லை. இருந்ததைக் கொண்டு மணியை ஆட்டினார்.

1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் கரையில் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்த பிறகு எழுதியது. திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடுகிறது என்று சொல்வது அந்தக் கடிதத்தில்தான். அதிலேயே இன்னொன்றும் சொல்கிறார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, முக்கியமாகப் பாரிஸுக்குப் போய், புத்தி இழந்தவன்போல் கத்த வேண்டும் என்று தோன்றுகிறதாம். யாரைப் பார்த்து? கல்வி நிறைய வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்த அன்பு இல்லாமல் இருப்பவர்களைப் பார்த்து. அவர்கள் படிக்கிற படிப்போடு, கடவுள் கொடுத்த தாலந்துக்குக் கேட்கப்போகும் கணக்கையும் சேர்த்துப் படித்தால் எவ்வளவோ பேர் மனம் மாறுவார்களே என்கிறார். இன்றைய நற்செய்தியைத்தான் நினைத்திருக்கிறார், நம் மண்ணில் அலைந்து கால் தேய்ந்த பிறகு! இந்த உவமைக்கு உலகத்தில் எத்தனையோ விளக்கவுரைகள் உண்டு. எனக்கு இந்தக் கடிதம் போதும்.

‘அவர்கள் புனிதர்கள், சாமியார்கள். குடும்பம், கடன், பிள்ளைகள் படிப்பு என்று கிடக்கிற எங்களுக்கு என்ன?’ நியாயம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1826இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். குடும்பஸ்தர், அரசு வேலை, முன்சீப். காலையில் நீதிமன்றம், கட்டுக்கட்டாக வழக்கு. ஏழைகளுக்குப் புரியாத மொழியில் தீர்ப்புகள் கிடக்கின்றனவே என்று அவற்றைத் தமிழில் கொண்டுவந்தார். 1859இல் நீதி நூல் எழுதினார். பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதினார். 1879இல் வெளிவந்த அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’தான் தமிழின் முதல் நாவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நினைத்துப் பாருங்கள், தமிழில் அப்படி ஒரு வடிவமே அதுவரை இல்லை. ஒரு முன்சீப்பிடம் போய், ஐயா ஒரு கதை எழுதுங்கள் என்று யார் கேட்டிருப்பார்கள்? ஆயர் கேட்டாரா, கலெக்டர் கேட்டாரா? அவருக்குள் ஒரு ஆசை இருந்தது. அதை அவர் மதித்தார்.

அந்த ஆசை அவரைத் தன்னலத்தில் கொண்டுபோய் விடவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1876 முதல் 1878 வரை இந்த நாட்டைப் பஞ்சம் பிடுங்கித் தின்றபோது, தம் பொருளை எடுத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அவரைப் பாராட்டிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டே கட்டினார். கிறிஸ்தவருடைய கொடைக்கு நந்தனார் சரித்திரம் பாடியவர் பாட்டுக் கட்டுகிறார் என்றால், அந்தக் கஞ்சி எத்தனை பேர் வயிற்றை எட்டியிருக்க வேண்டும்!

இன்றைய முதல் வாசகத்திலும் இதுதான் இருக்கிறது. நீதிமொழிகள் நூல் புகழும் அந்த நல்ல மனைவி நூற்பதற்குக் கையை நீட்டுகிறாள். எபிரேயத்தில் அடுத்த வசனத்திலும் அதே வினைச்சொல்: வறியவரிடம் கையை நீட்டுகிறாள். நூல்கதிரை நோக்கிப் போன கைதான் ஏழையை நோக்கியும் போகிறது. தொழிலுக்கு ஒரு கை, தர்மத்துக்கு ஒரு கை என்று அவளுக்கு இரண்டு வாழ்க்கை கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம் ஊர் முனையில் கூடாரம் போட்டு, ஆசைப்பட்டதெல்லாம் கிடைக்கும், வீடு கிடைக்கும், கார் கிடைக்கும், விசா கிடைக்கும் என்று மைக்கில் முழங்குகிறார்களே, நான் சொல்வது அதல்ல. கடவுள் வைத்த ஆசையாகவே இருந்தாலும் நாம் வரைந்த படத்தின்படி அது நிறைவேறும் என்று யாரும் எழுதித் தரவில்லை. குழந்தை தெரேசா பதினைந்து வயதில் கார்மேல் மடத்துக்குள் போனவர். மறைப்பணியாளராக உலகம் சுற்ற ஆசை, குருவாக ஆசை, மறைசாட்சியாக ஆசை. வியட்நாமில் ஹனோய் நகரின் கார்மேல் மடத்துக்கு அனுப்பலாமா என்று பேச்சும் நடந்தது. காசநோய் விடவில்லை. 1897 செப்டம்பர் 30 அன்று இருபத்து நான்கு வயதில், அதே லிசியே மடத்துக்குள் இறந்தார். 1927இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரை மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராக அறிவித்தார். யாருக்குச் சமமாகத் தெரியுமா? நம் சவேரியாருக்குச் சமமாக. ஒருவர் கால் ஓயக் கடல் தாண்டியவர், மற்றவர் மடத்து மதிலைத் தாண்டாதவர். அந்த ஆசையை, முடியாது என்று தெரிந்த பிறகும் அவர் புதைக்கவில்லை, செபத்தில் வைத்திருந்தார். உங்களில் சிலருக்கு இப்படிப்பட்ட ஆசைகள் உண்டு என்று எனக்குத் தெரியும். படிக்க ஆசைப்பட்டுப் பதினேழு வயதில் மாலை மாற்றியவர்கள் இருக்கிறீர்கள். அவர்களிடம் அந்த ஆசையை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நம் கையிலுள்ள வேலைக்கு வருவோம். செபதேயுவின் மக்களை இயேசு அழைத்தபோது அவர்கள் படகில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தேயு அங்கே எழுதும் கிரேக்கச் சொல்லின் வேரிலிருந்து வரும் சொல்லையே, பிறகு எபேசியர் திருமுகத்தில் பார்க்கிறோம். இறைமக்களைத் திருத்தொண்டுக்கு ஆயத்தப்படுத்துவது என்று நாம் வாசிக்கிறோமே, அந்த ‘ஆயத்தப்படுத்துவது’ அந்தச் சொல்தான். திருச்சபையைக் கட்டி எழுப்பும் வேலைக்கு ஒரு சொல் தேவைப்பட்டபோது, வலை சரிபார்க்கும் கரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கோயில் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமலே அறுந்த கண்ணியைத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடிக்கிற பாட்டிமார் இருக்கிறீர்களே, உங்கள் விரல் செய்வது அந்தச் சொல்.

தலைவர் கடைசியில் அந்த மூன்றாம் ஆளிடம் ஒரு சலுகையும் காட்டுகிறார். உன்னால் தொழில் செய்ய முடியாவிட்டால் வட்டிக்கடையிலாவது கொடுத்திருக்கலாமே என்கிறார். வட்டி என்றதும் சிலர் முகம் மாறுகிறது. ஏலக் கமிஷனும் கடன் நோட்டும் நினைவுக்கு வருகிறதோ? அந்த வட்டியை ஆண்டவர் ஆதரிக்கவில்லை, அதை இன்னொரு ஞாயிறு பேசுவோம். அவர் சொல்வது வேறு. தனியாகச் செய்யத் துணிவில்லை என்றால், செய்யத் தெரிந்த ஒருவர் கையில் அதைக் கொடு, கூட்டத்தில் போடு, அது அங்கே பெருகட்டும். உங்கள் அன்பியம் வேறு எதற்கு இருக்கிறது? மாதத்துக்கு ஒருமுறை சுண்டல் கொடுக்க மட்டுமா?

ஆனால் வட்டிக்கடையே பூட்டிக் கிடந்தால்? இப்போது நான் என் பாவத்துக்கு வருகிறேன்.

பங்கு அலுவலகத்தில், என் மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் சிவப்புத் துணி போர்த்தி ஒரு கீபோர்டு இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கென்று நீங்கள் வரி போட்டு வாங்கியது. வருடத்தில் பத்து நாள் வெளியே வரும், மிச்ச நாளெல்லாம் உள்ளே. சாவி என்னிடம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை வந்து நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சீருடை, கையில் டிபன் பை. ‘ஃபாதர், சாயங்காலத்துல ஒரு அரைமணி நேரம் நான் கீபோர்டு பழகிக்கட்டுமா?’ என்று கேட்டாள். திருவிழா நேரம், எனக்கு ஆயிரம் தலைவலி. அதோடு, அது கெட்டுப்போனால் பேரவையில் யார் பதில் சொல்வது என்ற பயம். ‘அப்புறம் பார்க்கலாம்மா’ என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சரிங்க ஃபாதர் என்று போய்விட்டாள். அதன் பிறகு கேட்கவே இல்லை. இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள்.

நேற்று இரவு அந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனபோது வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டது. கெட்டுப்போகாமல், கீறல் விழாமல், அப்படியே பத்திரமாக இருக்கிறது. இதோ உமது பொருள் என்று நாளைக்கு ஆண்டவரிடம் துணியை விலக்கிக் காட்டலாம். உவமையில் வரும் அந்த ஆள் யார் என்று நான் இத்தனை வருடமாக உங்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் அந்தச் சாவியை உபதேசியாரிடம் கொடுக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை அலமாரி திறந்திருக்கும். இங்கே இருக்கும் பாடகர் குழு அண்ணன்மார் மனம் கோணாமல், கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு இடம் விட்டுக் கொடுங்கள். தப்பான சுரம் கேட்டால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். சவேரியாருடைய தமிழை நம் முன்னோர் பொறுத்துக்கொள்ளவில்லையா?

அந்தப் பிள்ளையின் அம்மா இங்கே எங்கோ உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். அம்மா, கிறிஸ்துமஸ் லீவுக்கு மகள் வருவாள் அல்லவா? சாமி கேட்டார் என்று சொல்லுங்கள். அன்றைக்குச் சொன்ன அந்த ‘அப்புறம்’ இப்போதுதான் வந்தது என்று சொல்லுங்கள்.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கை.